சியோலைக் கேட்டீர்களா?

போர் வந்தால் அது அங்கேதான் நடக்கும், ஆயிரக்கணக்கில் செத்தாலும் அங்கேதான் சாவார்கள், இங்கே அல்ல. 2017 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியின் காலை நிகழ்ச்சி ஒன்றில் செனட்டர் லிண்ட்சே கிரஹாம் பேசியதன் சாரம் இது. வடகொரியாவைத் தாக்குவது குறித்து அதிபர் டிரம்ப் தன்னிடம் நேருக்கு நேர் இப்படிச் சொன்னதாக அவர் தெரிவித்தார். நான்கு நாட்களுக்கு முன்புதான் வடகொரியா ஹ்வாசாங்-14 ஏவுகணையை இரண்டாவது முறையாகப் பறக்கவிட்டிருந்தது. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் முதல் வடகொரிய ஏவுகணை அது.

செனட்டர் கைகாட்டிய திசையில் சியோல் இருக்கிறது. தலைநகரும் அதை ஒட்டிய இஞ்சியோனும் கியோங்கி மாகாணமும் சேர்ந்து சுமார் 2.6 கோடிப் பேர் வாழும் பகுதி. தென்கொரியர்களில் இருவருக்கு ஒருவர் இங்கேதான் இருக்கிறார். இங்கிருந்து ராணுவமற்ற மண்டலம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அதற்கு அப்பால் மலைகளைக் குடைந்த சுரங்கங்களில் 170 மி.மீ. பீரங்கிகளும் 240 மி.மீ. ராக்கெட் வண்டிகளும் பல பத்தாண்டுகளாகத் தெற்கு நோக்கி நிற்கின்றன. வடகொரியா அணுகுண்டு செய்வதற்கு வெகு காலம் முன்பே சியோல் பணயமாகிவிட்டது.

அணு ஆயுத நாட்டைத் தாக்கலாமா என்ற விவாதம் எழும்போதெல்லாம் ஏவுகணைகளின் எண்ணிக்கை பேசப்படுகிறது, குண்டுகளின் வலிமை பேசப்படுகிறது, எதிரித் தலைவரின் மனநிலை அலசப்படுகிறது. ஆபத்தை எடைபோடுகிறவர் யார், அந்த ஆபத்தைச் சுமக்கப்போகிறவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. கொரியத் தீபகற்பத்தின் கடந்த முப்பது ஆண்டுக் கதையை இந்தக் கேள்வியோடு படித்தால் நெஞ்சு பதறுகிறது.

1994: ஒரு தொலைபேசி அழைப்பு

பியோங்யாங்குக்கு வடக்கே யோங்பியோனில் 5 மெகாவாட் அணு உலை ஒன்று 1986 முதல் இயங்கிவந்தது. 1992இல் அங்கே சென்ற சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள், வடகொரியா ஒப்புக்கொண்டதைவிட அதிகமாகப் புளூட்டோனியம் பிரித்திருக்கலாம் என்று கண்டார்கள். 1993 மார்ச்சில், அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்திலிருந்து விலகப்போவதாக வடகொரியா அறிவித்தது. 1994 மார்ச்சில் பான்முன்ஜோம் பேச்சுவார்த்தையில் வடகொரியப் பிரதிநிதி, சியோல் தீக்கடலாகும் என்று மிரட்டிவிட்டு எழுந்து போனார். மே மாதம், உலையிலிருந்து சுமார் 8,000 எரிபொருள் தண்டுகளை வெளியே எடுக்கத் தொடங்கினார்கள். அவற்றிலிருந்து ஐந்தாறு குண்டுகளுக்கான புளூட்டோனியம் பிரிக்க முடியும்.

அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் வில்லியம் பெர்ரி, யோங்பியோனைத் துல்லியமாகத் தாக்கித் தகர்க்கும் திட்டம் ஒன்றைத் தயாரிக்கச் சொன்னார். திட்டம் கச்சிதமாக வந்தது. கதிர்வீச்சு பெரிய அளவில் பரவாமல் உலையை இடித்துப் புதைத்துவிடலாம் என்று வல்லுநர்கள் கணித்தார்கள். உலையை இடிப்பதில் சிக்கல் இல்லை. இடித்த மறுநாள் என்ன நடக்கும் என்பதில்தான் சிக்கல். வடகொரியா தெற்கே பாய்ந்தால் முதல் 90 நாட்களில் அமெரிக்கப் படையினர் 52,000 பேரும் தென்கொரியப் படையினர் 4,90,000 பேரும் கொல்லப்படவோ காயமடையவோ கூடும் என்று மே மாதம் அதிபர் கிளின்டனிடம் சொல்லப்பட்டது. பொதுமக்கள் இந்தக் கணக்கில் இல்லை. கொரியாவில் அமெரிக்கப் படைகளுக்குத் தலைமை வகித்த ஜெனரல் கேரி லக், மொத்தச் சாவு 10 லட்சம்வரை போகலாம் என்று மதிப்பிட்டார்.

பெர்ரி பின்வாங்கினார். தாக்குதலை ஒதுக்கிவைத்து, பொருளாதாரத் தடையும் கூடுதல் படையும் போதும் என்ற வழியைத் தேர்ந்தார். ஆனால் தடை விதிப்பதையே போர்ப் பிரகடனமாகக் கருதுவோம் என்று வடகொரியா சொல்லியிருந்தது. ஆக, பாதுகாப்பானது என்று தேர்ந்த வழியும் போரின் வாசலுக்கே கொண்டுபோனது. சியோலில் மக்கள் அரிசியும் ராம்யோன் நூடுல்ஸும் வாங்கிக் குவித்தார்கள். பங்குச் சந்தை சரிந்தது. அமெரிக்கத் தூதர் ஜேம்ஸ் லேனி, விருந்துக்கு வந்திருந்த தன் மகளையும் பேரக்குழந்தைகளையும் ஊருக்குக் கிளம்பச் சொன்னார்.

ஜூன் 16. எத்தனை ஆயிரம் படையினரைக் கூடுதலாக அனுப்புவது என்று வெள்ளை மாளிகையில் பெர்ரியும் முப்படைத் தலைவர் ஷலிகாஷ்விலியும் கிளின்டனிடம் விளக்கிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தின் நடுவே பியோங்யாங்கிலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர். கிம் இல்-சுங் அணு உலைப் பணிகளை நிறுத்திவைக்கச் சம்மதித்துவிட்டார், ஆய்வாளர்கள் அங்கேயே இருக்கலாம், இதை இப்போதே சி.என்.என். தொலைக்காட்சியில் சொல்லப்போகிறேன் என்றார். அறையிலிருந்த சிலருக்குக் கோபம். ஆனாலும் படை அனுப்பும் முடிவு நின்றது.

கார்ட்டரின் அழைப்பு ஒருநாள் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தப் பேச்சில் எல்லாம் தென்கொரிய அதிபர் கிம் யங்-சாம் எங்கே இருந்தார்? அமெரிக்கக் குடிமக்களை வெளியேற்றும் ஏற்பாட்டை அறிந்து அதிர்ந்துபோனதாகவும், ஒரு கொரியச் சிப்பாயைக்கூட நகர்த்தமாட்டேன் என்று கிளின்டனிடம் சொன்னதாகவும் பிற்காலத்தில் அவர் கூறினார். தன் தலைநகரின் தலைவிதி வேறொரு தலைநகரில் விவாதிக்கப்படுவதை, தூதரகம் மூட்டை கட்டுவதை வைத்து ஒரு நாட்டின் அதிபர் ஊகிக்க வேண்டியிருந்தது. பத்து லட்சம் என்ற எண்ணைவிட இதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது.

எட்டு ஆண்டு நிம்மதி

கிம் இல்-சுங் அடுத்த மாதமே இறந்துபோனார். ஆனாலும் அக்டோபர் 21 அன்று ஜெனீவாவில் உடன்பாடு கையெழுத்தானது. யோங்பியோன் உலை முடக்கப்படும். பதிலுக்கு 2003 வாக்கில் இரண்டு மென்னீர் அணு உலைகளும், அதுவரை ஆண்டுக்கு 5 லட்சம் டன் எரி எண்ணெயும் கிடைக்கும். எட்டு ஆண்டுகள் யோங்பியோனில் புளூட்டோனியம் பிரிக்கப்படவில்லை. முத்திரைகள் அப்படியே இருந்தன, ஆய்வாளர்கள் அங்கேயே தங்கியிருந்தார்கள்.

இரு தரப்பும் ஒழுங்காக நடந்துகொள்ளவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எண்ணெய் தாமதமாகப் போனது. புதிய உலைக்கான முதல் கான்கிரீட் 2002 ஆகஸ்டில்தான் ஊற்றப்பட்டது. வடகொரியாவோ யுரேனியம் செறிவூட்டும் வேலையில் ரகசியமாக இறங்கியிருந்தது. 2002 அக்டோபரில் அமெரிக்கா அதைப் போட்டு உடைத்தது. எண்ணெய் நின்றது, ஆய்வாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள், 2003 ஜனவரியில் வடகொரியா அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்திலிருந்து விலகியது. அமெரிக்காவின் முழுக் கவனமும் அப்போது ஈராக் மீது இருந்தது. குண்டு இல்லாத ஈராக்கின் மீது படையெடுத்தார்கள். குண்டை நோக்கி வெளிப்படையாக நடைபோட்ட வடகொரியாவைத் தாக்கவும் இல்லை, அதனுடன் மனமாரப் பேசவும் இல்லை. 2006 அக்டோபர் 9 அன்று முதல் அணுகுண்டுச் சோதனை. 2017 செப்டம்பர் 3 அன்று ஆறாவது. அது 6.3 ரிக்டர் நிலநடுக்கமாகப் பதிவானது, ஹிரோஷிமா குண்டைப் போலப் பல மடங்கு வலிமை.

1994இலேயே அடித்திருந்தால் இன்று சுமார் 50 அணுகுண்டுகளோடு கிம் ஜாங்-உன் உட்கார்ந்திருக்கமாட்டார் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. புறந்தள்ளக்கூடிய வாதம் அல்ல அது. தாக்குவதில் எவ்வளவு ஆபத்து உண்டோ அவ்வளவு ஆபத்து சும்மா இருப்பதிலும் உண்டு, அது மெதுவாக வருவதால் கண்ணில் படுவதில்லை. ஆனால் அந்த வாதம் 10 லட்சம் பேரை ஒரு பக்கம் வைத்துவிட்டு, மறுபக்கம் வெறும் கையோடு வருகிறது. யோங்பியோனைத் தகர்த்திருந்தால் வடகொரியா அணு ஆசையை விட்டிருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? 1981 ஜூனில் இஸ்ரேல் ஈராக்கின் ஒசிராக் உலையைக் குண்டு வீசி அழித்தது. சதாம் உசேன் அணு ஆயுத முயற்சியைக் கைவிடவில்லை, அதிகப் பணத்தோடு மறைவிடத்துக்கு மாற்றினார்.

அளவான அடி என்னும் கற்பனை

2017 இறுதியில் வாஷிங்டனில் ஒரு யோசனை உலவியது. முழுப் போர் வேண்டாம், ஒரே ஒரு ஏவுதளத்தையோ கிடங்கையோ அடித்து, மூக்கில் ரத்தம் வரவைத்து அடங்கச் செய்யலாம் என்பது அது. தென்கொரியாவுக்குத் தூதராகப் போவார் என்று எதிர்பார்க்கப்பட்ட பேராசிரியர் விக்டர் சா, இந்த யோசனையை ஏற்காதவர். அவருடைய நியமனம் கைவிடப்பட்டது. 2018 ஜனவரி 30 அன்று வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் அவர் தன் மறுப்பை எழுதினார். கிம் எதற்கும் அஞ்சாத, பகுத்தறிவு இல்லாத ஆள், அதனால் தாக்க வேண்டும் என்கிறீர்கள். அதே கிம், அடி வாங்கியதும் பகுத்தறிவோடு கணக்குப் போட்டுப் பதிலடி கொடுக்காமல் இருப்பார் என்றும் எப்படி நம்புகிறீர்கள்? இதுதான் அவருடைய வாதத்தின் மையம். இதற்கு நேரான பதில் இன்றுவரை எனக்குத் தட்டுப்படவில்லை.

அடிப்பவருக்குத்தான் அது அளவான அடி என்று தெரியும். அடி வாங்குகிறவர் ராடார் திரையைத்தான் பார்க்கிறார். வருவது ஒரே ஒரு ஏவுகணையா, தன் தலைமையை ஒழிக்கும் முதல் அலையா என்று அவர் சில நிமிடங்களில் முடிவு செய்ய வேண்டும். குண்டுகள் கையில் இருக்கும்போதே பயன்படுத்தாவிட்டால் இழந்துவிடுவோம் என்ற பயம் அந்த நிமிடங்களை ஆளும். 2022 செப்டம்பரில் வடகொரியா இயற்றிய சட்டம் இந்தப் பயத்தையே கொள்கையாக்கிவிட்டது. அணு ஆயுதக் கட்டளை அமைப்புக்கு ஆபத்து நேர்ந்தால் தானாகவே அணுத் தாக்குதல் தொடங்கும் என்கிறது அது. தலைவரை முதலில் வீழ்த்திவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று கனவு காண்கிறவர்களுக்கான பதில் அந்தச் சட்டத்தில் இருக்கிறது.

அணுகுண்டே வெடிக்காமல் போனாலும் என்ன ஆகும்? அமெரிக்க நாடாளுமன்ற ஆய்வுப் பிரிவு 2017 அக்டோபரில் சுட்டிக்காட்டிய மதிப்பீடுகளின்படி, சாதாரண ஆயுதங்கள் மட்டுமே பயன்பட்டாலும் முதல் சில நாட்களிலேயே 30,000 முதல் 3,00,000 பேர்வரை சாகக்கூடும். அந்த இரண்டு எண்களுக்கும் இடையே பத்து மடங்கு வித்தியாசம். நிபுணர்களுக்குத் தெரியாததன் அளவு அது.

தெரியாததை நிச்சயமாகத் தெரிந்ததுபோலச் சொன்ன வரலாறும் இதே மண்ணில் உண்டு. கொரியப் போரின்போது, 1950 அக்டோபர் 15 அன்று வேக் தீவில் அதிபர் ட்ரூமனைச் சந்தித்த ஜெனரல் மெக்கார்தர், சீனா பெரிய அளவில் தலையிட வாய்ப்பு மிகக் குறைவு என்று உறுதியளித்தார். நான்கு நாட்களில் சீனப் படைகள் யாலு ஆற்றைக் கடந்தன. போர் 1953 ஜூலைவரை நீண்டது. சீனாவுக்கும் வடகொரியாவுக்கும் இடையே 1961இல் கையெழுத்தான பரஸ்பர உதவி ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. 2024 ஜூனில் ரஷ்யாவும் அப்படி ஒன்றில் கையெழுத்திட்டது. அதே ஆண்டு வடகொரியச் சிப்பாய்கள் ரஷ்யாவின் கூர்ஸ்க் பகுதிக்குப் போனார்கள். இன்று கொரியாவில் விழும் குண்டு இரண்டு நாடுகளுக்கு இடையிலான விவகாரமாக நிற்காது.

கிம் பைத்தியக்காரர், அவரிடம் பேசிப் பயனில்லை என்கிறவர்களுக்கு 1964ஐ நினைவூட்ட வேண்டும். அணு யுத்தத்தில் மனித குலத்தில் பாதி அழிந்தாலும் மீதி இருக்கும் என்று 1957இல் மாஸ்கோவில் பேசியவர் மாவோ. அவர் கையில் குண்டு போனால் உலகம் தாங்காது என்று வாஷிங்டன் நடுங்கியது. சீன அணு நிலையங்களைத் தாக்குவது குறித்து கென்னடி காலத்திலிருந்தே யோசித்தார்கள், சோவியத் யூனியனையும் கூட்டுச்சேர்க்கப் பார்த்தார்கள். குருஷ்சேவ் பிடிகொடுக்கவில்லை. 1964 செப்டம்பர் 15 அன்று ஜான்சனும் ஆலோசகர்களும் கூடி, சீனா சீண்டாத நிலையில் தனியாகத் தாக்குவதில்லை என்று தீர்மானித்தார்கள். அக்டோபர் 16 அன்று சீனா குண்டை வெடித்துக் காட்டியது. எட்டே ஆண்டுகளில், 1972 பிப்ரவரியில், நிக்சன் பெய்ஜிங்கில் மாவோவின் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

பியோங்யாங் கற்ற பாடம்

தாக்குதல்கள் தாக்கப்பட்ட நாட்டோடு நிற்பதில்லை, பார்த்துக்கொண்டிருக்கும் நாடுகளுக்கும் பாடம் நடத்துகின்றன. 2003 டிசம்பரில் லிபியாவின் கடாஃபி அணு ஆயுதத் திட்டத்தை ஒப்படைத்தார். 2011இல் நேட்டோ விமானங்கள் லிபியா மீது குண்டு வீசின, அக்டோபரில் அவர் கொல்லப்பட்டார். குண்டுவீச்சு தொடங்கிய சில நாட்களிலேயே, ஆயுதத்தை ஒப்படைக்கச் சொன்னதே படையெடுப்புக்கான தந்திரம் என்று வடகொரிய வெளியுறவு அமைச்சகம் அறிக்கை விட்டது. 2025 ஜூனில் இஸ்ரேலும் அமெரிக்காவும் ஈரானின் ஃபோர்டோ, நடான்ஸ், இஸ்ஃபஹான் நிலையங்களைத் தாக்கின. அடுத்த மாதமே ஈரான், ஆய்வாளர்களுடனான ஒத்துழைப்பை நிறுத்திவைத்தது. உக்ரைன் வானில் விமானத் தடை மண்டலம் அறிவிக்கும்படி 2022 மார்ச்சில் ஜெலன்ஸ்கி கெஞ்சியபோது, ரஷ்யாவுடன் நேரடிப் போர் மூளும் என்று நேட்டோ மறுத்தது. அந்த மறுப்பு சரியானது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் இவை அனைத்தையும் வரிசையாகப் பார்க்கும் கிம், குண்டு வைத்திருப்பவனைத் தொடமாட்டார்கள் என்று முடிவுகட்டினால், அவரை முட்டாள் என்று சொல்ல முடியாது.

குண்டு வைத்திருக்கும் நாட்டைத் தொட்டதற்கான உதாரணம் நம் துணைக்கண்டத்தில்தான் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் பாலகோட், 2025 மே 7 அன்று ஒன்பது இடங்கள் என்று இந்தியா பாகிஸ்தானுக்குள் தாக்கியது. நான்கு நாட்களில் சண்டை நின்றது. அளவான அடி சாத்தியம்தான் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுகிறார்கள். அந்த நான்கு நாட்களில் பூஞ்ச் நகரில் பீரங்கிக் குண்டுகளுக்குப் பலியானவர்களில் குழந்தைகளும் உண்டு. 2019 பிப்ரவரி 27 அன்று பட்காமில் நம் ஏவுகணையே நம் ஹெலிகாப்டரை வீழ்த்தி ஆறு விமானப்படை வீரர்கள் இறந்தார்கள். 2022 மார்ச்சில், சண்டையே இல்லாத நாளில், ஒரு பிரம்மோஸ் தவறுதலாகக் கிளம்பிப் பாகிஸ்தானின் மியான் சன்னுவில் போய் விழுந்தது. அது 2025 மே 8 அன்று நடந்திருந்தால்?

அப்படியும் தப்பித்தோம் என்றால், அதற்குக் காரணம் இரு நாட்டு ராணுவ நடவடிக்கை இயக்குநர்களுக்கு இடையே ஒரு தொலைபேசி இருந்ததுதான். மே 10 அன்று அதில்தான் சண்டை நின்றது. ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் அணு நிலையங்களின் பட்டியலை இரு நாடுகளும் பரிமாறிக்கொள்கின்றன, எவ்வளவு பகை இருந்தாலும். கொரியாவில் இந்த இரண்டும் இல்லை. 2023 ஏப்ரலிலிருந்து தெற்கின் தொலைபேசி அழைப்புகளை வடக்கு எடுப்பதில்லை. எல்லையில் மோதலைத் தவிர்க்க 2018இல் செய்த ராணுவ உடன்பாடும் சிதைந்துவிட்டது. எல்லை தாண்டும் ஒரு டிரோன் வழிதவறி வந்ததா, வேண்டுமென்றே வந்ததா என்று கேட்கக்கூட வழி இல்லாத இடத்தில் அளவான அடியைப் பற்றிப் பேசுவது குற்றம் என்பேன்.

யாருடைய சம்மதம்?

2017 ஆகஸ்ட் 15, விடுதலை நாள் உரையில் தென்கொரிய அதிபர் மூன் ஜே-இன், தென்கொரியாவின் சம்மதம் இன்றிக் கொரியத் தீபகற்பத்தில் யாரும் ராணுவ நடவடிக்கை எடுக்க முடியாது என்று அறிவித்தார். உறுதியான குரல்தான், ஆனால் அதற்குப் பின்னால் சட்டம் இல்லை. 1953 அக்டோபரில் கையெழுத்தான அமெரிக்க, கொரியப் பாதுகாப்பு ஒப்பந்தம், ஆபத்து வரும்போது இரு நாடுகளும் கலந்து பேச வேண்டும் என்கிறது. சம்மதம் பெற வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. போர்க்காலத்தில் தென்கொரியப் படைகளும் அமெரிக்க ஜெனரலின் தலைமையிலுள்ள கூட்டுக் கட்டளையின் கீழ் வந்துவிடும். அந்த அதிகாரத்தைத் திருப்பித் தருவதற்கு முதலில் 2012 என்றார்கள், பிறகு 2015 என்றார்கள், பிறகு தேதியையே எடுத்துவிட்டார்கள். தென்கொரிய அதிபர் லீ ஜே-மியுங் தன் பதவிக்காலத்துக்குள் அதைப் பெற்றுவிடுவதாக வாக்களித்திருக்கிறார். கிடைத்தாலும், குவாம் தீவிலிருந்து கிளம்பும் பி-1பி குண்டுவீச்சு விமானத்துக்கு அந்தக் கட்டளை பொருந்தாது. 2017 செப்டம்பரில் அந்த விமானங்கள், இந்த நூற்றாண்டில் வேறெந்த அமெரிக்கப் போர் விமானமும் போகாத தூரம் வடக்கே பறந்தன.

எங்கள் நகரங்களையே தொடக்கூடிய ஏவுகணை அங்கே இருக்கும்போது, எங்கள் தற்காப்புக்கு இன்னொரு நாட்டின் அனுமதியைக் கேட்க முடியுமா என்று அமெரிக்கர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஏவுகணை பறந்துவரும்போது யாரும் யாரையும் கேட்க முடியாது. நான் பேசுவது அதைப் பற்றி அல்ல. முன்கூட்டியே, வாரக்கணக்கில் கூடிப் பேசி, வரைபடம் விரித்து எடுக்கப்படும் தாக்குதல் முடிவைப் பற்றி. 1994இல் யோங்பியோன் குறித்துப் பரிசீலிக்கப்பட்டது அப்படிப்பட்ட முடிவு. அதற்குக் கேட்க நேரம் உண்டு.

இதற்கு முன்னுதாரணமும் இருக்கிறது. பனிப்போரின் தொடக்கத்தில் அமெரிக்க அணு குண்டுவீச்சு விமானங்கள் பிரிட்டனின் தளங்களில் நின்றன. அவை கிளம்பினால் சோவியத்தின் பதிலடி பிரிட்டன் மக்கள் மீதுதான் விழும் என்று லண்டன் சொன்னது. முதலில் பிரதமர் அட்லியும் பிறகு சர்ச்சிலும் விடாமல் கேட்டார்கள். 1952 ஜனவரியில் ட்ரூமனும் சர்ச்சிலும் வெளியிட்ட கூட்டறிக்கையில், நெருக்கடிக் காலத்தில் அந்தத் தளங்களைப் பயன்படுத்துவது இரு அரசுகளும் சேர்ந்து எடுக்கும் முடிவாகவே இருக்கும் என்று எழுதப்பட்டது. அமெரிக்கா அதனால் பலவீனமாகிவிடவில்லை. நேட்டோவும் உடையவில்லை. பிரிட்டனின் 5 கோடி மக்களுக்காக அன்று எழுத முடிந்த அந்த வாசகத்தை, ஏறத்தாழ அதே மக்கள்தொகை கொண்ட தென்கொரியாவுக்காக 1953 ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். தாக்குதல் விமானம் குவாமிலிருந்து கிளம்பினாலும் சரி, கடலுக்கு அடியிலிருந்து ஏவுகணை கிளம்பினாலும் சரி, பதிலடி சியோலில்தான் விழும் என்றால் சியோலின் கையெழுத்து முதலில் வேண்டும். லீ ஜே-மியுங் அரசு, கட்டளை அதிகாரத்தோடு சேர்த்து இதையும் வாஷிங்டனிடம் கேட்க வேண்டும்.